ஓர் ஊராட்சி தன் குழந்தைகளுக்கு என்ன செய்ய முடியும்?

வறண்ட மாவட்டம் ஒன்றில் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்த ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “பள்ளிக்கூடம் கல்வித் துறையிடம் இருக்கிறது, அங்கன்வாடி சமூக நலத் துறையிடம், ஆரம்ப சுகாதார நிலையம் மருத்துவத் துறையிடம். எங்கள் கையில் இருப்பது தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் குப்பை வண்டியும்தான். இந்த நிலையில் ஊரிலுள்ள குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஊராட்சியும் ஊர் மக்களும் உருப்படியாக என்ன செய்துவிட முடியும்?”

கேள்வியில் உள்ள ஆதங்கம் நியாயமானது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் பதினொன்றாவது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 29 பொருள்கள் பட்டியலிடப்பட்டன. பள்ளிக் கல்வி, தொழிற்பயிற்சி, நூலகம், சுகாதாரம், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு எல்லாம் அதில் உண்டு. பட்டியல் வந்தது; ஆட்களும் பணமும் பெரும்பாலும் துறைகளிடமே தங்கிவிட்டன. தமிழ்நாட்டின் சுமார் 12,500 கிராம ஊராட்சிகளில் பலவற்றின் நிலை நீங்கள் சொல்வதுதான். ஆனாலும், உள்ளாட்சியால் குழந்தைகளுக்கு எதுவும் ஆகாது என்று முடிவு கட்ட நம் சொந்த வரலாறு இடம் தராது. பள்ளி மதிய உணவின் தொடக்கத்தைத் தேடிப் போனால், அது நம்மை மாநில அரசுக்கு முன்பே ஒரு மாநகராட்சியிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. 1956-ல் காமராசர் ஆட்சியிலும் 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் 2022-ல் காலை உணவாகவும் அது வளர்ந்ததற்கு முன்னோடி, தன் எல்லைக்குள் எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது என்பதைக் கவனித்த ஓர் உள்ளாட்சி மன்றம்தான்.

அந்தக் கவனிப்பிலிருந்துதான் என் பதிலையும் தொடங்குகிறேன். எந்தத் துறையாலும் முழுமையாகச் செய்ய முடியாத, ஊராட்சியால் மட்டுமே முடிகிற ஒரு வேலை இருக்கிறது. தன் எல்லைக்குள் வாழும் ஒவ்வொரு குழந்தையும், பதினெட்டு வயது நிறையும் வரை, எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதைப் பெயரோடு அறிந்து வைத்திருப்பதுதான் அது. இது ஏற்கெனவே நடக்கிறதே என்று தோன்றலாம். கருவுற்ற தாய்க்குக் கிராம சுகாதார செவிலியர் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் கொடுக்கிறார். அங்கன்வாடிப் பணியாளர் தம் பதிவேட்டில் ஆறு வயது வரை எழுதுகிறார். பள்ளியில் சேர்ந்ததும், கல்வித் துறையின் கணினிப் பதிவேடான எமிஸில் ஓர் எண் வந்துவிடுகிறது. மூன்றும் நல்ல ஏற்பாடுகள், ஆனால் மூன்றும் தம்மிடம் வந்தவர்களை எண்ணுகின்றனவே தவிர, வராதவர்களை எண்ணுவதில்லை. அங்கன்வாடியை விட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போதும், எட்டாம் வகுப்பு முடித்து வேறு ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு மாறும்போதும், பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதபோதும் ஒரு பிள்ளை ஒரு பதிவேட்டிலிருந்து விழுந்து, இன்னொன்றில் ஏறாமல் போய்விடுகிறது. எமிஸில் அந்தப் பெயர் ‘பொதுத் தொகுப்பு’ என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளை எங்கே என்று கேட்டால் பள்ளிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊராட்சியில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் மூவரோடு, நீள நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் குழந்தைகளை எழுதப் போனேன். ஒரு வீட்டில் அம்மா, “எங்க வீட்ல ரெண்டு புள்ளைங்க” என்று சொல்லி, ஆறாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் இருவரின் பெயர்களைத் தந்தார். எழுதி முடித்து எழும்போது, கூட வந்த பெண்களில் ஒருவர் வேப்பமரத்தடியில் சாய்ந்திருந்த மிதிவண்டியைக் காட்டினார். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவச மிதிவண்டி அது. இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை, சங்கிலி துருப்பிடித்திருந்தது. “இது யாருதுக்கா?” என்று கேட்டதும், அந்த அம்மா சற்றுத் தயங்கி, “பெரியவளோடது. அவ மில்லு வேலைக்குப் போயி அஞ்சு மாசம் ஆகுது. அவளையும் கணக்குல சேக்கணுமா?” என்றார்.

அவளைத்தான் முதலில் சேர்க்க வேண்டியிருந்தது. காரணம் கேட்டபோது வறுமை என்ற ஒற்றைச் சொல்லில் அது அடங்கவில்லை. மாலைச் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் கடைசி நகரப் பேருந்து போய்விடுகிறது. அதன் பிறகு ஓடைப் பாதையில் இருட்டில் தனியாக மிதிவண்டியில் வர வேண்டும். ஒரு நாள் யாரோ வழிமறித்துப் பேசியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து வீட்டில் அனுப்பவில்லை. பேருந்து நேரத்தை மாற்றக் கோரிப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு மனு கொடுப்பதும், ஓடைப் பாதையில் நான்கு மின்கம்பங்களுக்கு விளக்குப் போடுவதும் ஊராட்சியால் முடிகிற காரியங்கள்தான். யாருக்கும் காரணம் தெரியாததால் யாரும் செய்யவில்லை. விளக்கு இரண்டு வாரத்திலும், பேருந்து நேர மாற்றம் நான்கு மாதம் கழித்தும் வந்தன. அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னர் தனித்தேர்வராக எழுதிப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். அவளுடைய தங்கையும் அதே தெருவிலிருந்து வேறு மூன்று பெண்களும் இடைநிற்காமல் படித்தார்கள். ஆகவே உங்கள் பதிவேட்டில் பெயர், வயது, வகுப்பு என்ற கட்டங்களோடு ‘ஏன் போகவில்லை’ என்ற கட்டத்தையும் வையுங்கள். ஊராட்சிக்கு வேலை எடுத்துக் கொடுப்பது அந்தக் கட்டம்தான்.

இப்படி எழுத ஊராட்சிக்கு அதிகாரம் உண்டா என்று யாராவது கேட்டால், கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 9-ஆவது பிரிவைக் காட்டுங்கள். தன் எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிப்பதும், இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதி செய்வதும் உள்ளாட்சி அமைப்பின் கடமைகள் என்று அது சொல்கிறது. இரண்டாவது கடமை எனக்கு மிகவும் முக்கியமானதாகப் படுகிறது. திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து, ஆண்டில் சுமார் ஆறு மாதம் தங்குகிறவர்களின் பிள்ளைகள் அந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் உள்ள யாருடைய பிள்ளைகளும் அல்லர். ஆகவே யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் சூளை இருப்பது ஊராட்சி எல்லைக்குள். அதற்கு வரி வாங்குவதும் ஊராட்சி. குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அங்கன்வாடிக்கும் கடிதம் கொடுத்தால், பள்ளியில் சேரத் தயார்படுத்தும் இணைப்பு மையமோ, குறைந்தது மதிய உணவோ தடுப்பூசியோ கிடைக்க வழி பிறக்கும்.

பதிவேட்டால் பயன்பெறும் இன்னொரு கூட்டம் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும் பிள்ளை அந்தப் பரிசோதனைக்கு வருவதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தைக்கு இரண்டு வயதில் இயன்முறைப் பயிற்சி தொடங்குவதற்கும் எட்டு வயதில் தொடங்குவதற்கும் உள்ள வேறுபாடு, அந்தக் குழந்தை தானாக உட்காருமா, நிற்குமா என்பதாக இருக்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். எந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

அடுத்தது பாதுகாப்பு. ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் அதற்குத் தலைவர். கிராம நிர்வாக அலுவலர், தலைமையாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், சுகாதார செவிலியர், குழந்தைப் பிரதிநிதிகள் ஆகியோர் உறுப்பினர்கள். பல ஊர்களில் இந்தக் குழு தீர்மானப் புத்தகத்தில் மட்டும் கூடுகிறது. உண்மையாகக் கூடினால் முதலில் பேச வேண்டியது குழந்தைத் திருமணம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் வரும் வாரங்களில்தான் ஆபத்து அதிகம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நடத்தி வைப்பவரும் ஊக்குவிப்பவரும் தண்டனைக்குரியவர்கள். மண்டப உரிமையாளர், பூசாரி, பத்திரிகை அச்சடிக்கும் அச்சகக்காரர், ஒலிபெருக்கி, பந்தல் வைப்பவர் ஆகியோரை மாசி மாதத்திலேயே அழைத்து, வயதுச் சான்று பார்க்காமல் முன்பணம் வாங்குவதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்த ஊரை நான் பார்த்திருக்கிறேன். தாலி கட்டும் நாளன்று காவல் துறையோடு போய் நிற்பதைவிட அது நூறு மடங்கு மேல். பெண்ணுக்கும் அவமானம் இல்லை. கடைசி நேரத்தில் தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள், அழைத்தவர் பெயரைக் கேட்க மாட்டார்கள் என்று ஊர் நம்பும்படி நடந்துகொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பாலியல் குற்றம் பற்றித் தகவல் வந்தால், குழு விசாரிக்கக் கூடாது, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கக் கூடாது, குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தெரிந்தவர் எவரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். ஊர் மானம் என்ற பேச்சு எழும்போது, அந்தக் குழந்தை அதே தெருவில் அதே ஆளைத் தினமும் பார்த்துக்கொண்டு வளர வேண்டியிருப்பதை எண்ணிப் பாருங்கள்.

ஊராட்சியின் நேரடிக் கையில் இருக்கும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, நான்கு நாள் மீட்புப் பணிக்குப் பிறகும் உயிரோடு மீட்க முடியாமல் போனதைத் தமிழ்நாடு முழுவதும் விழித்திருந்து பார்த்தது. கைவிடப்பட்ட துளைகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருந்தது. கிணறு தோண்ட ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்ற விதிகளும் தமிழ்நாட்டில் 2015-ல் வந்துவிட்டன. உங்கள் பதிவேட்டுக் குழு வீடு வீடாகப் போகும்போது, நோட்டின் கடைசிப் பக்கங்களில் திறந்த ஆழ்துளைகள், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள், வண்டல் எடுத்து ஆழமாகிப் போன குளத்துப் படித்துறைகள், பள்ளி வழியில் தாழத் தொங்கும் மின்கம்பிகள் ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளட்டும். ஒரு மூடிக்கும் ஒரு மூட்டை சிமெண்டுக்கும் ஊராட்சியின் பொது நிதி தாராளமாகப் போதும்.

பெரியவர்கள் எழுதும் பட்டியல் எப்போதும் முழுமையாக இராது. கிராம சபையில் உறுப்பினராக வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். ஆகவே பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே குரல் இல்லை. கர்நாடகத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குந்தாபுரப் பகுதியில் உழைக்கும் பிள்ளைகளின் அமைப்புகளிலிருந்து வளர்ந்த யோசனை, 2006-ல் மாநிலம் முழுவதற்குமான அரசாணையாகி, ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்தும் ஆண்டுக்கொரு முறை ‘மக்கள கிராம சபே’ நடத்த வேண்டும் என்றானது. கன்னடத்தில் ‘மக்களு’ என்றால் பிள்ளைகள். நம் மொழியிலும் அந்தப் பொருள் இருந்ததால்தான் திருக்குறளில் மக்கட்பேறு என்றோர் அதிகாரம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தால், பெரியவர்கள் எண்ணியும் பாராதவற்றைச் சொல்வார்கள்: கழிப்பறைக் கதவில் உள்தாழ் இல்லை, நாய்க்குப் பயந்து ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறோம், சத்துணவுக் கூடத்தில் ஒருவருக்கு மட்டும் தனியாக ஊற்றுகிறார்கள். கேட்டுவிட்டு அடுத்த மாதத்துக்குள் ஒரு கோரிக்கையாவது நிறைவேறவில்லை என்றால், அடுத்த முறை அவர்கள் பேச மாட்டார்கள். உள்தாழ் வாங்கிப் போடுவதிலிருந்து தொடங்கலாம்.

கடைசியாகச் சொன்ன அந்தத் தனி ஊற்றலை விட்டுவிட்டு ‘ஊர் மக்கள்’ என்று பேசுவது நேர்மையாகாது. ஊர் என்பது ஒன்றாக இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வீட்டில் புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கைகளில் வண்ணக் கயிறு கட்டுவது உள்ளிட்ட சாதி அடையாளங்கள் பள்ளிக்குள் நுழைவதைத் தடுக்க 2024 ஜூனில் பரிந்துரைகள் கொடுத்தது. அந்தக் கயிறு பள்ளியில் திரிக்கப்படுவதில்லை. தெருவிலிருந்தும் திருவிழாவிலிருந்தும் வருகிறது. அதனால், ஊராட்சி ஒரு பொது இடம் கட்டும்போது அதை எங்கே கட்டுகிறது என்பது, எவ்வளவு செலவில் கட்டுகிறது என்பதைவிடப் பெரிய முடிவு என்று கருதுகிறேன். அங்கன்வாடியும் நூலகமும் திடலும் ஊருக்கும் காலனிக்கும் நடுவில், இரு பக்கத்துப் பிள்ளைகளும் கூச்சமின்றி வந்து போகும் இடத்தில் அமைய வேண்டும். அங்கன்வாடியில் சேர்ந்து உண்டு வளர்ந்த பிள்ளைகளைப் பின்னாளில் பிரிப்பது அவ்வளவு எளிதன்று. பாதுகாப்புக் குழுவிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் காலனித் தெருப் பெற்றோர் பெயரளவில் இல்லாமல் பேசும் இடத்தில் இருக்க வேண்டும். மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் என்பது சட்டம்.

இளைஞர்களுக்கு வருகிறேன். அவர்களுக்காக ஊராட்சியிடம் ஏற்கெனவே இருப்பது பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டு மையமும் கட்டப்பட்டன. நான் போய்ப் பார்த்த ஒரு நூலகத்தில் சுவரொழுகலில் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. திறக்கும் நேரமோ பிள்ளைகள் பள்ளியிலும் இளைஞர்கள் வேலையிலும் இருக்கும் நேரம். அந்த ஊரில் காவலர் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் படித்துக்கொண்டிருந்த ஏழு பேர், கோயில் மண்டபத்து விளக்கொளியில் உட்கார்ந்து படித்தார்கள். சாவியை அவர்களிடம் கொடுத்து, மின்சாரக் கட்டணத்தை ஊராட்சி ஏற்று, மாலை ஆறு முதல் ஒன்பதரை வரை திறக்கச் செய்தபோது ஆறே வாரத்தில் இடம் போதவில்லை. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறோம். விடுதலை பெற்ற நாட்டின் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948-ல் இயற்றிய மாநிலம் இது. கர்நாடகம் 2020-ல் கிராமப் பஞ்சாயத்து நூலகங்களில் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா உறுப்பினர் அட்டை வழங்கும் இயக்கத்தையே நடத்தியது.

விளையாட்டுக்கும் இதே கதைதான். 2024 முதல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புகள் ஊராட்சிகளுக்கு வந்துள்ளன. அவை ஊராட்சி அலுவலகப் பீரோவுக்குள் இருந்தால் யாருக்குப் பயன்? திடலில் பெண்களுக்கென்று நாளில் ஒரு மணி நேரத்தையாவது ஒதுக்கி, அந்த நேரத்தில் ஆண்கள் ஓரமாகக்கூட நிற்பதில்லை என்று இளைஞர் மன்றமே பொறுப்பேற்கட்டும். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே ஊரின் படித்த இளம்பெண்கள். அவர்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். பதிவேட்டை ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்க அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21 வயது நிறைந்திருந்தால் போதும் என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டது, மீதி 40 விழுக்காட்டைச் சம்பளம், நிர்வாகச் செலவு தவிர ஊரின் தேவைக்குச் செலவிடலாம் என்று விதித்தார்கள். மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய கட்டுப்பாடற்ற நிதியோ ஊராட்சியின் சொந்த வரி வருவாயோ போதும். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கென வகுக்கப்பட்ட ஒன்பது கருப்பொருள்களில் ‘குழந்தை நேய ஊராட்சி’ ஒன்று. அதன் கீழ் வேலைகளை எழுதினால் தொழில்நுட்பக் காரணம் காட்டித் தள்ள முடியாது.

2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத காலத்தில் எதையும் செய்ய முடியாது என்று இருந்துவிட வேண்டாம். கிராம சபை கலைவதே இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடியாக வேண்டும். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைவெண் வரம்பு 100 பேர். அந்த நூறு பேரில் முப்பது பேர் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களாக இருந்துவிட்டால், பேச்சின் போக்கே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

பதிவேட்டைக் கிராம சபைக்குக் கொண்டு போகும்போது எண்ணிக்கையை மட்டும் வாசியுங்கள்: பள்ளிக்குப் போகாதோர் இத்தனை பேர், பேருந்து இல்லாததால் நின்றோர் இத்தனை பேர், இயன்முறைப் பயிற்சி தேவைப்படுவோர் இத்தனை பேர் என்று. பெயர்களை வாசிக்கக் கூடாது, நோட்டைக் கைமாற்றவும் கூடாது. வேலை முடிந்ததும் ஊராட்சி அலுவலகத்திலோ அங்கன்வாடியிலோ பூட்டு உள்ள பெட்டியில் வைத்து, சாவியைக் குழுவின் பெண் உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வேப்பமரத்தடி மிதிவண்டியைக் காட்டியவர் போல, எந்த வீட்டில் எதைக் கேட்க வேண்டும், எதை வெளியே சொல்லக் கூடாது என்று இரண்டும் தெரிந்த ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார்.